நட்டைத் திருகிய கை

அந்த வண்டியை வாங்கப் போனபோது அதற்குள் ஒரு பூனை குட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, தரையோடு தரையாகத் தாழ்ந்த, மூக்கு நீண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். யார் வீட்டுக் கொல்லையிலோ தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. பூனைக் குடும்பத்துக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்த பிறகுதான் வண்டியை இழுத்துவர முடிந்தது. பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தியதும் மற்றவர்கள் டீயைக் குடித்துக்கொண்டே சுற்றிச்சுற்றி வந்து அழகு பார்க்க, அவள் மட்டும் எஞ்சினைக் கழற்றத் தொடங்கிவிட்டாள்.

ரேஸ் வட்டாரத்தில் அவளை எல்லோரும் ‘எஞ்சினக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவின் லேத் பட்டறையில் இரும்புத்தூளோடு வளர்ந்தவள். ஓர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தே அதை ஓட்டியவன் முன்கோபியா, சோம்பேறியா, பொய் சொல்கிறவனா என்று அவளால் சொல்லிவிட முடியும் என்று ஒரு பேச்சு உண்டு. அவளும் அதை மறுத்ததில்லை.

வண்டியை ஓட்டப்போவது அவள் கணவன். அதிர்ந்து பேசத் தெரியாத நிதானமான மனுஷன்; ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வேறு ஆள். வெல்டிங், தகரவேலை, வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாதபடி இரும்புக் குழாயில் கூண்டு கட்டுவது எல்லாம் கணவனின் தம்பி. அவன் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் ‘ரேடியோ’. வெல்டிங் முகமூடிக்குள்ளிருந்தும் பேச்சு வந்துகொண்டே இருக்கும். இன்னொருவன் மட்டும் வெளியாள். எஞ்சினுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று கம்ப்யூட்டரில் பதிகிற ட்யூனர். ஒரு கேள்வி கேட்டால் ‘உம்’ என்பான்; வரிசையாக நாலு கேட்டாலும் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ‘உம்’தான். வந்த அன்றே ரேடியோ அவனுக்கு ‘ஊமைக்கோட்டான்’ என்று பெயர் வைத்துவிட்டான். அது நாளடைவில் கோட்டான் என்று சுருங்கி, போனில் அவனே “கோட்டான் பேசறேன்” என்று சொல்லும் அளவுக்கு நிலைத்துவிட்டது.

கோட்டான் முன்பு வெள்ளைச்சட்டைக்காரரின் பட்டறையில் இருந்தவன். அதுதான் அவளுக்கு முதலிலிருந்தே ஓர் உறுத்தல். டிராக்கில் மிக வேகமான சுற்று வெள்ளைச்சட்டைக்காரர் கட்டிய வண்டியுடையது. ஓட்டுவது அவர் மகன். அவரோ டிராக்குக்கு வரும்போதெல்லாம் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்தான் வருவார். எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவன் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் கூட இல்லாமல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்குச் சந்தேகம். அப்படிப்பட்டவரிடமிருந்து ஒருவன் விலகி வந்தால், உண்மையிலேயே விலகித்தான் வந்தானா என்பது அடுத்த சந்தேகம்.

“ஏங்க, இவன் நம்ம சாமான் ஒவ்வொண்ணையும் அங்க போய் ஒப்பிச்சா?” என்று கணவனிடம் கேட்டாள்.

“அவன் நம்மகிட்டயே எதையும் ஒப்பிக்க மாட்டேங்கிறான். அங்க போய் ஒப்பிச்சுடப் போறானா?” என்று அவன் சிரித்தான்.

வேலை நடந்தது. கம்பளம், பக்கத்து இருக்கை, கதவுத் துணி, ஜன்னல் மோட்டார் என்று எடை உள்ளதெல்லாம் வெளியே போயிற்று. கூண்டு உள்ளே வந்தது. பழைய எஞ்சினின் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு, கனத்த அடி தாங்கும் பிஸ்டன்களையும் அவற்றைத் தாங்கும் புதிய தண்டுகளையும் அவளே அளந்து, தேய்த்து, பொருத்தினாள். பக்கவாட்டில் ஒரு பெரிய டர்போ.

டர்போ ஒரு பேராசைக்காரச் சாமான். எஞ்சின் வெளியே துப்புகிற புகையிலேயே சுழன்று, அந்தச் சுழற்சியில் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் நெருப்பு கூடும், நெருப்பு கூடினால் புகை கூடும், புகை கூடினால் அது இன்னும் வேகமாகச் சுழலும். விட்டால் எஞ்சினையே தின்றுவிடும். அதை அடக்க ஒரு சின்னக் கதவு உண்டு. காற்றழுத்தம் அளவு மீறினால் அந்தக் கதவு திறந்து புகையைத் திசை திருப்பிவிடும். எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதை ஒரு கம்பியும் அதன்மேல் ஒரு நட்டும் தீர்மானிக்கும். நட்டைக் கொஞ்சம் திருகிக் கம்பியைக் குறுக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும். வண்டி பேயாகப் பறக்கும். பிஸ்டனின் ஆயுசு குறையும்.

எவ்வளவு அழுத்தம் என்பதை அவள்தான் முடிவு செய்தாள். எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாள். “இதுக்கு மேல ஒரு பொட்டு கூடாது. யாருக்காவது கை அரிச்சா இப்பவே சொல்லிடுங்க.”

“எனக்குக் கை அரிக்காது அண்ணி. வாய்தான்” என்றான் ரேடியோ.

முதல் முறை டிராக்குக்குப் போய்வந்தபோது எல்லாம் பூ மாதிரி இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். வெளிறிய காப்பி நிறம். எஞ்சின் சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை போனபோது கணவன் கொஞ்ச நேரத்திலேயே உள்ளே வந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. டயர் சூடாயிடுச்சு.”

அதற்கடுத்த முறைதான் விஷயம் கெட்டது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போலப் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். உள்ளே நெருப்பு நேரம் தவறி வெடித்திருக்கிறது. அவள் வைத்த அழுத்தத்தில் அது நடக்கவே நடக்காது.

“முள்ளு எங்க நின்னுச்சு?” என்று கணவனைக் கேட்டாள். காற்றழுத்த முள் ஓட்டுபவரின் முன்னால்தான் இருக்கிறது.

“நீ சொன்ன இடத்துலதான்.”

கோட்டானிடம் பிளக்கை நீட்டினாள். அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித்திருப்பிப் பார்த்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்து எதையோ வெகுநேரம் பார்த்தான்.

“என்ன தெரியுது?”

“உம்.”

“உம்முன்னா?”

“பாக்கறேன்கா.”

அவன் பார்த்ததன் விளைவு அடுத்த முறை தெரிந்தது. புள்ளிகள் போய்விட்டன. ஆனால் இப்போது பிளக்கெல்லாம் கரி. புகைக்குழாயின் வாயில் விரலை விட்டால் அடுப்புக்கரி மாதிரி ஒட்டியது. வண்டி தேவைக்கு மேல் பெட்ரோலைக் குடிக்கிறது. கோட்டான் சாப்பிடப் போயிருந்த சமயம் பார்த்து அவன் லேப்டாப்பைத் திறந்தாள். எஞ்சினின் உத்தரவுகள் பதிந்திருக்கும் மேப் மாறியிருந்தது. பெட்ரோலைக் கூட்டி, தீப்பொறியைத் தள்ளிப்போட்டிருந்தான். அப்படிச் செய்தால் வண்டியின் பலம் குறையும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றே முடிவு கட்டியிருக்க மாட்டாள். ஆனால் இரண்டு தெரு தள்ளி உள்ள கடைக்கு நட்டு வாங்கப் போனவள் கண்ணில் வேறொரு காட்சி பட்டது. டீக்கடையின் உள்பக்க மேசையில் கோட்டான். எதிரே வெள்ளைச்சட்டை. வெள்ளைச்சட்டைக்காரர் ஒரு கையை மேசைமேல் வைத்து, வண்டி வளைவதுபோல் மெல்லத் திருப்பிக் காட்டி, மணிக்கட்டைச் சட்டென்று வெளிப்பக்கம் ஒடித்தார். அதைவிடப் பெரிய அதிசயம், கோட்டான் பேசிக்கொண்டிருந்தான். வாய் திறந்து, வாக்கியம் வாக்கியமாக.

அவள் நட்டு வாங்காமலே திரும்பினாள்.

கோட்டான் பட்டறைக்குள் நுழைந்ததும் நேராகக் கேட்டாள். “மேப்பை மாத்தினியா?”

அதுவரை ‘நீங்க’ என்று கூப்பிட்டவள் ‘நீ’ என்று இறங்கியதை அவன் கவனித்தான். “மாத்தினேன்.”

“யாரைக் கேட்டு?”

அவன் கண் ஒரு கணம் அவள் தோளைத் தாண்டிப் போய்த் திரும்பியது. பின்னால் அவள் கணவன் குந்தி உட்கார்ந்து டயர் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வண்டியோட பலத்தைக் குறைச்சிருக்க. குறைஞ்சா யாருக்குச் சந்தோஷம்னு எனக்குத் தெரியும். டீக்கடையில வாய் நல்லாவே திறக்குது. இங்க மட்டும் பசை போட்டு ஒட்டிட்டு வர்றியா?”

கோட்டானின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. தன் ஒயர்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். போகிற போக்கில் ஒன்று மட்டும் சொன்னான்.

“பழைய மேப்பைத் திரும்பப் போட்டுடாதீங்கக்கா. இதுலயே ஓட்டுங்க.”

“நீ சொல்லி நான் கேக்கணுமா?” என்றாள். அவன் போய்விட்டான். கணவன் அதே டயரைத்தான் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான்.

பீடை ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு மனசு ஆறவில்லை; அவன் போட்ட மேப்பையும் மாற்றாமல் விட்டாள். பிளக்கின் புள்ளிகளும் கரியும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஒரே ஆள் முதலில் எஞ்சினைக் கொல்லப் பார்த்து, பிறகு அதற்கே போர்வை போர்த்துவானா? எதற்கும் இருக்கட்டும் என்று, டர்போவின் கம்பிமேல் யாரோ நகர்த்தியிருந்த நட்டைத் தான் வைத்த இடத்துக்குத் திருப்பி, நட்டுக்கும் கம்பிக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்டில் முடி அளவு ஒரு கோடு இழுத்தாள். யார் தொட்டாலும் கோடு பிசகிவிடும். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த முறை டிராக்குக்குக் கிளம்புமுன் குனிந்து பார்த்தாள். கோடு உடைந்து, இரண்டு துண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. நட்டை மறுபடி தன் இடத்துக்குத் திருப்பிவைத்தாள்.

கோட்டான் போய்ப் பல நாள் ஆயிற்று. பட்டறைச் சாவி வீட்டில் தொங்குகிறது. அப்படியானால் கை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அவள் சந்தேகம் அப்படியே திரும்பி ரேடியோமேல் உட்கார்ந்தது. உட்கார அவனிடம் இடமும் நிறைய இருந்தது. “அண்ணி, இன்னும் கொஞ்சம் காத்து ஏத்தினா வெள்ளைச்சட்டை மண்ணைக் கவ்வும்” என்று வாரத்துக்கொரு தரமாவது சொல்கிறவன். அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பேனர் எடுத்தால் எந்த அளவு ஸ்பேனர் என்று பார்த்தாள். சாப்பாடு போடும்போது கூட ஒரு தினுசாகப் பார்த்தாள் போலிருக்கிறது.

“என்ன அண்ணி, நான் உங்க நகையைத் திருடிட்டேனா? போலீஸ் மாதிரி பாக்கறீங்க?”

“திருடினவனுக்குத்தான் போலீஸ் ஞாபகம் வரும்.”

“அண்ணே, பாத்தியா இவங்களை!” என்று அவன் அண்ணனிடம் முறையிட்டான். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவள் வீட்டில் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. அன்று சொன்னாள். அம்மாவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வருவதாகக் கிளம்பி, பஸ் நிறுத்தம் வரை போய், அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு, மத்தியானம் சந்து வழியாகத் திரும்பினாள். ரேடியோவைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று திட்டம். என்ன திட்டுவது என்பதைக்கூட வழியெல்லாம் கோத்து வைத்திருந்தாள்.

பட்டறையின் பின்கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வண்டியின் முன்மூடி திறந்திருந்தது. அதற்குள் இடுப்புவரை குனிந்து, ஒரு ஸ்பேனரால் கம்பியைப் பிடித்து இன்னொன்றால் நட்டைத் திருகிக்கொண்டிருந்த முதுகை அவளுக்குத் தெரியும். அந்தச் சட்டையின் கிழிசலை அவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள்.

கோத்து வைத்த திட்டெல்லாம் எங்கோ போயிற்று. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

“இன்னும் ஒரு சுத்து திருப்புங்க. பிஸ்டன் பொத்துக்கிட்டு வெளிய வந்து வணக்கம் சொல்லட்டும்.”

கணவன் துள்ளி நிமிர்ந்ததில் மண்டை முன்மூடியில் ‘ணங்’கென்று இடித்தது. ஸ்பேனர் எஞ்சினுக்குள் எங்கோ விழுந்து கிணுகிணுத்தது. தலையைத் தடவிக்கொண்டு நின்றவன் முகத்தில் ஈயாடவில்லை.

“நீ… அம்மா வீட்டுக்கு…”

“அம்மா சௌக்கியம். நீங்க சொல்லுங்க.”

அவன் வண்டியைச் சுற்றிப் போய்ப் பின்சக்கரத்தின் பக்கம் தரையில் உட்கார்ந்தான். அவள் நின்றபடியே இருந்தாள்.

“இறக்கத்துல ஒரு வலது வளைவு இருக்குல்ல, மரத்துக்கிட்ட. அன்னிக்கு ரெண்டாவது தடவை போனப்ப, அங்க முழு வேகத்துல போறேன், பின்பக்கத்தை யாரோ கையால தள்ளின மாதிரி இருந்துச்சு. வண்டி அப்படியே பக்கவாட்டுல நின்னுடுச்சு. எப்படித் திரும்பிச்சுன்னு எனக்கே தெரியல. அதுலேர்ந்து அந்த இடம் வந்தா கால் தானா மேல வந்துடுது. நான் எடுக்கல. அதுவா வருது.”

“அதுக்கு?”

“அங்க நேரம் போகுது. நேர் ரோட்டுல பிடிச்சாத்தான் மொத்தக் கணக்கு சரியா வரும். அதான் காத்தைக் கூட்டினேன்.”

“பயந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“உங்கிட்டயா? நீ ராப்பகலா உக்காந்து கட்டின வண்டி. அதுல உக்கார எனக்குப் பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்றது?”

அதைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ இளகத்தான் செய்தது. ஆனால் இளக விடவில்லை. “என் எஞ்சினை நாசம் பண்ணினதுகூடப் போகட்டும். அவன் ஒயரைச் சுருட்டிக்கிட்டுப் போனப்ப டயர் துடைச்சுக்கிட்டு இருந்தீங்களே. அதுக்கு என்ன சொல்றீங்க?”

அவன் முகத்தைக் கைகளில் வைத்துக்கொண்டான். பிறகு, “அவன்கிட்டப் போகணும். நானும் வரேன்” என்றான்.

கோட்டான் மாடிக் குடியிருப்பின் கடைசி வீட்டில் இருந்தான். அவர்கள் போனபோது வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். இருவரையும் பார்த்ததும் கையிலிருந்த ஈரத்துண்டை உதறுவதை நிறுத்தினான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை.

“மேப்பை மாத்தினது எஞ்சினைக் காப்பாத்தத்தானே?” என்றாள் அவள் எடுத்த எடுப்பில். பஸ்ஸில் வரும்போதே அது அவளுக்கு விளங்கிவிட்டது. முதலில் புள்ளி, பிறகு கரி. ஒரு கை கொளுத்தியிருக்கிறது. இன்னொரு கை தண்ணீர் ஊற்றியிருக்கிறது. எஞ்சின் அதை அவளிடம் தெளிவாகத்தான் சொல்லியிருந்தது. அவள்தான் ஆளைப் பார்த்துவிட்டு எஞ்சினைப் பார்க்காமல் விட்டாள்.

“உம்.”

“நான் பேசினது ரொம்பத் தப்பு தம்பி. மன்னிச்சுடுங்க.”

‘நீங்க’ திரும்பி வந்தது. அவன் துண்டைக் கொடியில் போட்டு நீவிவிட்டான். பிறகு, அவள் அவனிடமிருந்து கேட்டறியாத நீளத்துக்குப் பேசினான்.

“காத்து கூடினது எனக்கு அன்னிக்கே தெரியும். அண்ணன்கிட்ட, நீங்களே அக்காகிட்டச் சொல்லிடுங்கன்னு சொன்னேன். சொல்றேன்னார். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நான் எதுக்குன்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது. அது என் தப்பு. ஆனா நான் யோசிச்சுக்கிட்டிருந்தது வேற. அண்ணன் கால் எடுக்கறது லேப்டாப்ல தெரியுது. அந்த ஒரு வளைவுல மட்டும் கோடு பள்ளம் விழுது. பயந்த ஆள் எல்லா வளைவுலயும்தானே பயப்படணும்? இவர் அதுல மட்டும்தான் பயப்படறார். அப்படின்னா அங்க வண்டி ஏதோ பண்ணுது.”

கணவன் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

“அதைத்தான் பழைய முதலாளியும் சொன்னார். அந்த மரத்துக்கிட்ட நின்னு பாத்திருக்கார். உங்க வண்டியோட இடது பின்சக்கரம், யாரோ கூப்பிட்ட மாதிரி லேசா வெளிப்பக்கம் திரும்புதுன்னார்.”

“அவர் எதுக்கு நமக்குச் சொல்லணும்?” சந்தேகம் அவளை அறியாமலே வாயில் வந்து நின்றது.

“ஒரு சுத்து கூடப் போட்டு உங்களைத் தாண்டறப்ப, உங்க வண்டிக்குப் பின்னாலதானேக்கா அவர் பையன் வர்றான். இது சுத்தினா அவன்தான் வந்து மோதுவான்.”

அந்தக் காரணம் அவளுக்குப் பிடித்திருந்தது. வெறும் நல்ல மனசு என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

மறுநாள் காலை வண்டியை ஜாக்கியில் ஏற்றினார்கள். ரேடியோவுக்கு நடந்ததையெல்லாம் சொல்லியாயிற்று. தன்மேல் சந்தேகப்பட்டதைக் கேட்டு அவன் அழாத குறை. அதைப் பற்றி மட்டும் அரை மணி பேசினான். பேசிக்கொண்டே கடப்பாரையை இடது பின்சக்கரத்தின் தாங்குகரத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினான். முதல் நெம்பில் ஒன்றுமில்லை. கோட்டானும் சேர்ந்து பலம் கொடுத்தபோது, கரம் வண்டியின் உடம்போடு சேர்கிற இடத்தில் தகரம் மெல்ல வாய் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது.

கடப்பாரை கீழே விழுந்தது.

“அது நான் போட்ட வெல்டு” என்றான் ரேடியோ.

அடிப்பக்கத் தார்ப்பூச்சைச் சுரண்டினார்கள். அவன் போட்ட வெல்டு நூல் பிடித்தாற்போல் உறுதியாகத்தான் இருந்தது. அதைச் சுற்றியிருந்த பழைய தகரம்தான் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, ஈரத்தில் ஊறிய அட்டை மாதிரி ஆகியிருந்தது. தையல் நிற்க, துணி இற்றுப்போன கதை. கொல்லையில் கிடந்த காலத்தில் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். மெதுவாகப் போகும்போது தெரியாது. இறக்கத்தில், முழு வேகத்தில், மொத்தப் பாரமும் அந்த மூலையில் விழும்போது மட்டும் வாய் திறக்கும். சக்கரம் திரும்பும்.

கணவன் அந்த விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். திரும்பத்திரும்பப் பார்த்தான். “அப்ப என் காலுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றான் மெதுவாக. “நான்தான் அதைத் திட்டிக்கிட்டே இருந்தேன்.”

ரேடியோ தகரம் தட்டிப் பார்க்காமல் வெல்டு போட்டதற்குத் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். அவள் சமாதானம் சொல்லவில்லை. அவன் வெல்டை நம்பித்தானே கணவன் உள்ளே உட்கார்கிறான். “ரெண்டு பக்கமும் அறுத்து எடு தம்பி. நல்ல இரும்பு கண்ணுல படற வரைக்கும் அறு” என்றாள். அவன் அறுத்தான். கனத்த தகடு வைத்துக் கூண்டின் குழாயோடு சேர்த்து இழுத்துக் கட்டினான். ஒவ்வொரு வெல்டும் ஆறியபிறகு அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். இப்படிப் பேசாமல் அவன் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

எஞ்சினையும் அவள் பிரித்தாள். ஒரு பிஸ்டனில், வளையம் உட்காரும் விளிம்பில் விரிசல் ஓடியிருந்தது. இன்னும் ஒரு தடவை ஓட்டியிருந்தால் மொத்தமும் போயிருக்கும். கோட்டானின் மேப்தான் இவ்வளவு நாள் இழுத்துப் பிடித்திருக்கிறது. பிஸ்டனைக் கழற்றிக் கணவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு, “திட்டேன்” என்றான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் நாள் பிடித்ததில் அந்தப் பருவத்தின் பெரிய போட்டி அவர்கள் இல்லாமலே நடந்து முடிந்தது. அதற்கப்புறம் ஒரு சாதாரண ஓட்டத்துக்குத்தான் வண்டியைக் கொண்டுபோனார்கள்.

அவள் வண்டிகள் நிற்கும் கொட்டகையில் இருக்கவில்லை. இறக்கத்து வளைவில் மரத்தடிக்குப் போய் வேலிக்கு இப்பால் நின்றுகொண்டாள். ஓட்டுபவர் பெடலிலிருந்து காலை எடுத்தால், டர்போ அமுக்கி வைத்த காற்றுக்குப் போக இடமில்லாமல் ஒரு வால்வு வழியாக ‘புஸ்’ஸென்று வெளியேறும். அந்தச் சத்தத்தை அவளிடமிருந்து மறைக்க முடியாது.

முதல் சுற்றில் வளைவு வந்தது. புஸ். அடுத்த சுற்றிலும் புஸ். கரத்தைச் சரிசெய்தாயிற்று என்று காலுக்கு யார் போய்ச் சொல்வது? அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள். காலை எடுக்க வேண்டாம் என்று நினைத்தாள். எடுத்தால்தான் என்ன, எடுக்கட்டுமே என்றும் நினைத்தாள். ரேடியோவின் வெல்டை நம்பலாமா, தான் பூட்டிய போல்ட்டு ஏதாவது தளர்ந்திருக்குமா என்று மனசு ஒவ்வொன்றாய்ப் போய்த் தட்டிப் பார்த்தது. ஒரு சுற்றில் சத்தம் குறுகிக் கேட்டது, தும்மலை அடக்கினாற்போல.

அதற்கடுத்த சுற்றில் வண்டி மரத்தருகே வந்தது, தரையோடு ஒட்டி இறங்கியது, வளைந்தது. எஞ்சினின் இழுப்பு மட்டும் கேட்டது. பின்சக்கரம் போகிற வழியிலேயே போயிற்று. சத்தம் நேர் ரோட்டில் ஏறித் தேயும்வரை அவள் வேலியை விடவில்லை.

வெள்ளைச்சட்டைக்காரரின் வண்டிதான் அன்றும் வேகம். இவர்கள் அதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. அவள் வைத்த அழுத்தத்தில் போகவும் முடியாது. கொட்டகைக்குத் திரும்பியபோது ரேடியோ விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தான். கோட்டான் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தான். கணவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“கடைசிச் சுத்துல காலை எடுக்கல” என்றான்.

“கேட்டேன்.”

“பயமாத்தான் இருந்துச்சு.”

“எனக்கும்தான்” என்றாள்.

அப்போது வெள்ளைச்சட்டைக்காரர் வந்தார். நேராக வண்டியின் பின்பக்கம் போய், அந்த மடிப்புக் கலையாத சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து, அடியில் தலையை விட்டார். எழுந்தபோது முதுகெல்லாம் மண். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நல்லாக் கட்டியிருக்கீங்க” என்றார். “இப்ப எம் பையன் பயமில்லாம பின்னால வருவான்.”

“முன்னாலதானேங்க போறான்” என்றாள் அவள்.

அவர் சிரித்தார். கிளம்புகிறவர்போல் திரும்பி, போகிற போக்கில், “டர்போவுக்கு என்ன அழுத்தம் வெச்சிருக்கீங்க?” என்றார்.

அவள் அவரைத் தலைமுதல் கால்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

“போதுமான அளவு” என்றாள்.